நாலு மீட்டர் இருபது

கருங்கல் ஊர்ப் பக்கம் போய் பிந்து வீடு எது என்று கேட்டால், எந்த பிந்து என்று திருப்பிக் கேட்பார்கள். அங்கே தெருவுக்கு நாலு பிந்து உண்டு. கம்பு பிந்து என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடையில் நிற்கிறவர் பாதி டீயை வைத்துவிட்டு வந்து வழி காட்டுவார். இன்றைக்கு ரோட்டில் அவளுடைய மூங்கில் கம்பு வந்தால் நாளைக்குப் படகு வரும் என்பது அங்கிருந்து தேங்காய்பட்டணம் துறைமுகம் வரை ரோட்டோரம் குடியிருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். மாடியில் ரோட்டுக்கு மேலே கொடி கட்டித் துணி காயப்போடுகிறவர்கள் கம்பைக் கண்டதும் தாங்களாகவே கொடியை அவிழ்த்துவிடுவார்கள்.

கடலுக்குப் போகிற படகு ரோட்டில் ஏன் வருகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. கடற்கரையில் இடம் இருந்தால் அது ஏன் ரோட்டுக்கு வரப்போகிறது? வீட்டுக்கும் அலைக்கும் நடுவில் வலை உலர்த்தவே இடம் பற்றாத ஊர்கள் அவை. அதனால் படகு கட்டுகிற பட்டறைகள் உள்ளே தள்ளி, தென்னந்தோப்பும் ரப்பரும் இருக்கிற பக்கம் வந்துவிட்டன. இங்கே கட்டி முடித்து, டிரெய்லரில் ஏற்றி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு போய்த் துறைமுகத்தில் இறக்க வேண்டும். ரோடு போட்டவர்கள் படகை நினைத்துப் போடவில்லை. இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் இரண்டு டிரைவர்களும் கண்ணாடியை மடக்கிக்கொண்டு போகிற ரோடு அது.

சரக்கு இரண்டு மீட்டர் அறுபதுக்கு மேல் அகலம் என்றால் போக்குவரத்து ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும். எந்த வழி, எந்த நாள், எத்தனை மணிக்குள், என்ன அகலம், என்ன உயரம், முன்னால் போகிற வண்டி எது, சிவப்புக் கொடி எங்கே கட்டுவது என்று எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். பிந்துவுக்குத் தாள் என்றால் தண்ணீர் பட்ட பாடு. திருவட்டாறில் பிறந்து பி.காம். முடித்து, கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் மார்த்தாண்டத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்தவள். கணவன் வினோஜ் மஸ்கட்டில் ஒன்பது வருஷம் பெரிய டிரெய்லர் ஓட்டிவிட்டு வந்து, இருந்த காசைப் போட்டு இங்கே ஒரு பழைய டிரெய்லர் வாங்கினான். அவனுக்கு வண்டியை எந்த முடுக்கிலும் வளைக்கத் தெரியும். தாளைக் கண்டால் மட்டும் ஒதுங்கிக்கொள்வான். அந்த மட்டில் பொருத்தமான ஜோடிதான்.

முதல் வருஷம் ஒரு தப்பு நடந்தது. படகுக்காரர் பன்னிரண்டு அடி அகலம் என்று சொன்னார், பிந்து அதை அப்படியே எழுதிக் கொடுத்தாள். படகு வந்து நின்றபோது பதின்மூன்றரை இருந்தது. பாதி வழியில் ஒரு டீக்கடையின் தகரக் கூரையை உரித்துக்கொண்டு, மூன்று தெருவின் கேபிள் வயரையும் அறுத்துக்கொண்டு போனது. டீக்கடைக்காரர்கூட சமாதானமாகிவிட்டார். சாயங்காலம் சீரியல் பார்க்க முடியாத மூன்று தெருப் பெண்களை ஒருவராலும் சமாதானப்படுத்த முடியவில்லை. வண்டியைப் பிடித்து இரண்டு மாசம் நிறுத்திவைத்தார்கள். விடும்போது, இனி ஒரு தடவை எழுதின அளவும் சரக்கின் அளவும் வேறாக இருந்தால் இந்த வண்டிக்கு அனுமதியே கிடையாது என்று ஆபீஸில் எழுதிவைத்தார்கள். பிந்து அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

அன்றைக்குப் பிறகு அவள் அடுத்தவர் வாயிலிருந்து வந்த எண்ணைத் தாளில் ஏற்றியது இல்லை. பட்டறைக்குப் போய்த் தானே டேப் பிடிப்பாள். படிவத்தின் கடைசியில் 'அளந்தவர்' என்று ஒரு கோடு உண்டு. மற்றவர்கள் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள், ஆபீஸிலும் கேட்க மாட்டார்கள். பிந்து அதில் முழுப் பெயரையும் எழுதுவாள். அந்தக் கோட்டில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

கம்பு அவளே கண்டுபிடித்த வேலை. ஒரு லோடு ஆட்டோவின் மேல் இரும்புச் சட்டம் அடித்து, படகின் வயிறு எவ்வளவு உயரத்தில் வருமோ அந்த உயரத்தில், படகு எவ்வளவு அகலமோ அவ்வளவு நீளத்துக்கு ஒரு மூங்கிலைக் குறுக்காகக் கட்டுவாள். படகு போகிறதற்கு முந்தின நாள் பிந்து ஆட்டோவை ஓட்ட, வினோஜின் தங்கை அஜிதா பின்னால் நின்றுகொண்டு மூங்கிலின் இரு நுனியையும் பார்த்தபடி வருவாள். எங்கே இடிக்கிறதோ அங்கே ஆட்டோ நிற்கும். பிந்து இறங்கிப் போய் வீட்டுக்காரர்களிடம் பேசுவாள். கிளையா, கடைப் பலகையா, பழுதாகி இரண்டு வருஷமாக ரோட்டில் நிற்கிற காரா, எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பேச்சு உண்டு. ஒருமுறை புதிதாக வந்த ஒரு போலீஸ்காரர் ஆட்டோவை மறித்து, மூங்கில் நாலு மீட்டர் நீட்டிக்கொண்டு இருக்கிறதே, இதற்கு அனுமதி எங்கே என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இப்போது கம்புக்கும் ஒரு தாள் வைத்திருக்கிறாள்.

இப்படி அறுபத்திரண்டு படகு போய்ச் சேர்ந்தது. அறுபத்து மூன்றாவது, இனயம் என்கிற கடற்கரை ஊர்க்காரர் சூசையின் படகு.

சூசைக்கு அது முதல் சொந்தப் படகு. இருபது வருஷம் அடுத்தவர் படகில் போனவர். ஜூலையோடு மீன்பிடித் தடை முடிந்து மற்ற படகுகள் கிளம்பிவிட்டன, மழையால் சூசையின் வேலை ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தது. அவருக்குச் சேர்ந்த ஒன்பது ஆட்கள் துறைமுகத்தில் ஐஸும் டீசலும் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் படகு தண்ணீரில் இறங்கவில்லை என்றால் வேறு படகில் ஏறிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அதையும் குறை சொல்ல முடியாது, இரண்டு மாசமாக உலை கொதிக்காத வீடுகள். வழியில் சின்னதாக ஒரு சிலுவைக் கோயில் நிற்கிற குருசடி முக்கில் சனிக்கிழமை காலை திருவிழாப் பந்தல் போடுகிறார்கள், பத்து நாளைக்கு அந்த ரோடு அடைப்பு. ஆக வெள்ளிக்கிழமை பத்து மணிமுதல் நாலு மணிவரை என்று அனுமதி. அகலம் நாலு மீட்டர் இருபது. அளந்தவர் பிந்து.

வியாழக்கிழமை கம்பு போனது. நெருக்கடி என்று சொல்ல இரண்டே இடம். ஒன்று குருசடி முக்கு, அங்கே இரண்டு பக்கமும் ஒரு சாண் கிடைத்தது. இன்னொன்று மாவறவிளையில் செல்லத்தாய் என்கிற பலசரக்குக் கடைக்காரியின் பலாமரம். அதன் கிளை ஒன்று ரோட்டுக்கு மேலே வந்து, அதில் அந்த வருஷத்தின் கடைசிப் பழம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கம்பின் நுனிக்கும் பழத்துக்கும் நாலு விரல் இடைவெளி. அதை மட்டும் இறக்கிவிடலாமே என்று பிந்து கேட்டதற்கு, இன்னும் ரெண்டு நாள் கழிந்தால் பழுக்கும், நாலு விரல் இருக்கிறதல்லவா, உன் கம்பு பொய் சொல்லுமா என்று செல்லத்தாய் கேட்டார். கம்பைக் குறை சொல்லிவிட்டால் பிந்துவுக்குத் தாங்காது. அப்படியே இருக்கட்டும் என்று வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் பட்டறைக்குப் போனபோது பங்குச் சாமியார் வந்து ஜெபித்து, தீர்த்தம் தெளித்துப் படகை மந்திரித்து முடித்திருந்தார். படகு மணப்பெண் கோலத்தில் நின்றது. முன்பக்கம் மாலை, இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ்வரை வெள்ளைத் துணியும் நீலத் துணியும், துணிமேல் சரம் சரமாகச் செவ்வந்தி. பிந்துவின் கையில் டேப் இருந்தது. கிளம்புவதற்கு முன் இன்னொரு தரம் பிடித்துப் பார்ப்பது அவள் வழக்கம். ஆனால் மந்திரித்த படகு, பூ போட்டிருக்கிறது, பெண்கள் சுற்றி நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவள் சாமி வேறு, அவர்கள் சாமி வேறு. போய்த் துணியைத் தூக்கி டேப் வைத்தால் நன்றாகவா இருக்கும் என்று தோன்றியது. பத்து நாளைக்கு முன்னால் அளந்ததுதானே என்று டேப்பைப் பைக்குள் போட்டுவிட்டு முன்னால் போனாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மா இல்லை.

படகு பத்து மணிக்குக் கிளம்பியது. முன்னால் ஆட்டோவில் பிந்துவும் கொடி பிடித்த அஜிதாவும். பின்னால் வினோஜ், அவன் இழுக்கிற படகு, அதற்கும் பின்னால் ஒரு வேனில் சூசையின் குடும்பம். பட்டறை ஆசாரி பகவதியப்பன் படகின்மேலேயே உட்கார்ந்து வந்தார். கட்டின படகு தண்ணீரைத் தொடுகிறவரை அவர் இறங்க மாட்டார், சாப்பாடும் மேலேதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கையாட்டினார்கள். ஒரு பஸ் கண்டக்டர் படகைப் பார்த்து, ராமேஸ்வரம் போகுமா என்று கேட்டுவிட்டுப் போனார். வெயில் வந்திருந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பதினொன்றேகாலுக்கு மாவறவிளையில் பலாப்பழம் விழுந்தது.

விழுந்தது என்றால் ரோட்டில் இல்லை, படகுக்குள்ளே. படகின் இடது விளிம்பு கிளையில் உரசி, கிளை வளைந்து, பழம் கழன்று, பகவதியப்பன் ஆசாரிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து வெடித்தது. கடை வாசலில் நின்ற செல்லத்தாய் கத்தவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு, நேற்று நாலு விரல் இருந்ததே மகளே என்று மட்டும் கேட்டார். கம்பு போன இடத்தில் படகு இடித்தது என்றால் கம்பு குட்டை, அல்லது படகு வளர்ந்திருக்கிறது. பிந்து ஏணியை வாங்கிப் போட்டு ஏறித் துணியைத் தூக்கிப் பார்த்தாள்.

படகின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஒரு மரச்சட்டம் இருக்கும். துறைமுகத்தில் பக்கத்துப் படகோடு உரசும்போது அடியை அது வாங்கிக்கொள்ளும். பக்கத்துக்கு ஒன்றுதான் இருக்கும், அவள் அளந்த அன்றைக்கும் ஒன்றுதான் இருந்தது. இப்போது பக்கத்துக்கு இரண்டு இருந்தது, ஒன்றுக்கு வெளியே இன்னொன்றாக. டேப் பிடித்தாள். நாலு மீட்டர் முப்பத்தெட்டு.

கதை பிறகுதான் வெளியே வந்தது. சூசை வீட்டில் ஒரு வழக்கம், படகின் பக்கச்சட்டத்தை வீட்டு மருமகன்தான் கொடுக்க வேண்டும். அவர் அப்பா காலத்திலிருந்து அப்படி. அக்கா புருஷன் இஞ்ஞாசி நல்ல ஆஞ்ஞிலி மரத்தில் இரண்டு சட்டம் கொடுத்தார், அதைப் பொருத்திய பிறகுதான் பிந்து வந்து அளந்தாள். அதற்கடுத்த வாரம் தங்கை புருஷன் அபினேஷ், நான் என்ன இந்த வீட்டுக்கு மருமகன் இல்லையா என்று தானும் இரண்டு சட்டத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டான். இஞ்ஞாசியும் அபினேஷும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. ஒரு ஞானஸ்நான விருந்தில் பெரிய நெய்மீன் தலை யார் இலைக்குப் போனது என்பதில் தொடங்கிய வழக்கு. யாருடைய மரத்தை வேண்டாம் என்று சொல்வது? சூசை நல்ல மனுஷன், நல்ல மனுஷர்கள் செய்கிற காரியத்தைத்தான் செய்தார். ஆசாரியிடம் சொல்லி இரண்டையும் மேலுக்கு மேல் வைத்து முடுக்கச் சொல்லிவிட்டார். ரோடு அவர் ஞாபகத்திலேயே இல்லை, கடலில் அகலம் யார் கேட்கப்போகிறார்கள்.

பின்னால் பதினைந்து வண்டி நின்று ஹாரன் அடித்தது. வினோஜ் இறங்கி வந்தான்.

"ஏட்டி, ஒம்பது சென்டிமீட்டர் ஒரு பக்கத்துக்கு. குருசடியில ஒரு சாண் கெடக்கு, நான் எடுத்துருவேன். பின்ன என்னத்துக்கு இஞ்ச நிக்கணும்?"

"ரோட்டுல போவும். பேப்பர்ல போவாது," என்றாள் பிந்து.

துறைமுகத்து ரோட்டில் பாதி நாள் போக்குவரத்து ஆபீஸ் இன்ஸ்பெக்டர் நிற்பார், பாதி நாள் நிற்க மாட்டார். இன்றைக்கு நிற்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. நின்று டேப் வைத்தால் அறுபத்து மூன்றாவது படகுதான் கடைசிப் படகு, டிரெய்லரை இரும்பு விலைக்குப் போட வேண்டும். நிற்கவில்லை என்றால் எல்லாருக்கும் சுகம். வினோஜ் அதைத்தான் சொன்னான், அஜிதாவும் அதைத்தான் சொன்னாள். வேனிலிருந்து இறங்கி வந்தவர்களும் ஆளுக்கு ஒரு விதமாக அதையே சொன்னார்கள். பிந்துவுக்கே அப்படிப் போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. அவள் வினோஜின் வண்டியில் ஏறி, சாவியை உருவிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள். தன்னை நம்பாமல்தான் அப்படிச் செய்தாள்.

பிறகு சூசையிடம் போய், வெளியே இருக்கிற சட்டத்தைக் கழற்றிவிடலாம், ஆசாரியும் கூடவே இருக்கிறாரே என்றாள். சூசை இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி, வெளிய இருக்கது அபினேஷுக்க சட்டம். அதைக் கழத்தினா என் தங்கச்சி பின்ன என் வாசல் மிதிக்க மாட்டா. உள்ள இருக்கதைக் கழத்தினா அக்கா மிதிக்க மாட்டா. சொந்தப் போட்டு இல்லாம இருபது வருசம் இருந்தேன். கூடப் பொறந்ததுக இல்லாம எங்ஙன இருக்கது?"

அவர் கண் நிறைந்துவிட்டது. பிந்துவுக்கும் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் மணி பதினொன்றரை ஆகிவிட்டது.

அவள் இரண்டு மருமகன்மாரையும் கூப்பிட்டாள். இஞ்ஞாசி ஐம்பதை நெருங்கிய கனத்த ஆள், வேனின் இந்தப் பக்கம் நின்றார். அபினேஷ் முப்பது வயசுக்காரன், வேனின் அந்தப் பக்கம் நின்றான். இரண்டு பேரும் பிந்துவைப் பார்த்தார்களே தவிர ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பக்கத்துக்கு ஒரு சட்டம்தான் இருக்க முடியும், ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். கேட்டால் இவ்வளவு சுலபமான காரியம். ஆனால் இரண்டு பக்கமும் எனக்கே என்று நிற்கிறவர்களுக்கு நடுவில் இருந்ததால் பட்டறையில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. உடனே அடுத்த சண்டை பிறந்தது. இரண்டு பேருக்கும் வலது பக்கம்தான் வேண்டும். மூத்தவனுக்குத்தான் வலது என்றார் ஒருவர், நல்ல காரியம் என்றால் எப்போதும் என்னைத்தான் இடதுபக்கம் தள்ளுவார்கள் என்றான் மற்றவன். இரண்டையும் அவர்கள் வேனைப் பார்த்துச் சொன்னார்கள்.

பிந்து கடலில் கால் நனைத்தவள்தான், அதற்குமேல் கடலைத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ரோடு. ரோட்டில் போகும்போது இடதுபக்கம் இருக்கிற வீடு வரும்போது வலதுபக்கம் வந்துவிடும். அதை வைத்துத்தான் சூசையிடம் கேட்டாள்.

"அண்ணே, கொச்சிப் பக்கம் போவும்போ கரை எந்தப் பக்கம் கெடக்கும்?"

"வலத்துப் பக்கம்."

"திரும்பி வரும்போ?"

"இடத்துப் பக்கம்."

"அப்போ வழியனுப்ப வாறவங்க கண்ணுக்கு வலத்துச் சட்டம் தெரியும். காத்துக்கிட்டு நிக்கவங்க கண்ணுக்கு இடத்துச் சட்டம் தெரியும். ரெண்டுல எது பெருசுன்னு உங்க வீட்டுப் பொம்பளைகள்ட்ட கேளுங்க. நான் கருங்கல்காரி, எனக்கு அது தெரியாது."

வேனுக்குள் இருந்த பெண்கள் ஜன்னல் பக்கம் தலையை நீட்டினார்கள். அந்த ஊரில் கரையில் நின்று காத்திருக்காத பெண் கிடையாது, காத்திருந்து வெறுங்கையோடு திரும்பின வீடுகளும் உண்டு. எனக்கு இடது போதும் என்றான் அபினேஷ். இஞ்ஞாசி வேட்டியை மடித்துக் கட்டினார்.

அதற்குமேல் வேலை. பக்கத்துக்குப் பதினாலு போல்ட், ஒவ்வொன்றும் இரண்டு சட்டத்தையும் படகின் உடம்பையும் துளைத்துக்கொண்டு போகிற நீளம். வெளியே ஏணியில் நின்று ஒருவர் போல்ட்டின் தலையைப் பிடித்தால்தான் உள்ளே நிற்கிறவர் நட்டைத் திருப்ப முடியும். தனியாளாக எவனாலும் முடியாது. ஆசாரியும் சூசையும் வலதுபக்கம் போய்விட்டார்கள். இடதுபக்கத்துக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஆள் என்று மிச்சம் இருந்தது இரண்டு மருமகன்மார்தான். பிந்து வேண்டுமென்று அப்படிப் பிரித்தாள் என்று அஜிதா இன்றைக்கும் சொல்கிறாள். பிந்து இல்லை என்கிறாள். நாம் அஜிதாவை நம்பலாம்.

இஞ்ஞாசி உள்ளே ஏறினார், அபினேஷ் வெளியே ஏணியில் நின்றான். முதல் போல்ட் கழலவில்லை. யார் பிடித்தார்கள், யார் திருப்பினார்கள் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே நின்ற கூட்டம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் உள்ளேயிருந்து இஞ்ஞாசியின் குரல் வந்தது.

"பிடிச்சியா?"

மூன்று வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல் வார்த்தை. அபினேஷ் ஸ்பேனரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"பிடிச்சேன். சுத்துங்க அண்ணே."

வேனுக்குள் சூசையின் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் என்றார். எட்டாவது போல்ட் வரும்போது அவர்கள் பிடிச்சியாவோடு நிறுத்தவில்லை, மரம் எங்கே வாங்கினாய், என்ன விலை சொன்னான், ஏமாற்றிவிட்டானே என்று பேசிக்கொண்டிருந்தார்கள். செல்லத்தாய் ஒரு தட்டைக் கொண்டுவந்து, வெடித்த பலாப்பழத்தைச் சுளை எடுத்து நின்ற வண்டிக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார். நாளை மறுநாள் பழுக்க வேண்டியது, பரவாயில்லை, தின்னலாம் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். ஹாரன் சத்தம் குறைந்தது. பிந்து மட்டும் சுளையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் மணி பார்த்தாள்.

ஒன்று இருபத்தைந்துக்குக் கடைசி நட்டு இறுகியது. பூவையும் துணியையும் அவள் கட்ட விடவில்லை, டேப் வைத்த பிறகு கட்டிக்கொள்ளுங்கள் என்றாள். நாலு மீட்டர் இருபது. கைப்பையைத் திறந்து சாவியை வினோஜிடம் கொடுத்தாள். குருசடி முக்கில் பந்தல்காரர்கள் அப்போதே குழி தோண்டிச் சவுக்கு மரங்களை ரோட்டில் பரப்பியிருந்தார்கள், அஜிதா ஓடிப்போய் ஒவ்வொன்றாக ஒதுக்க வைத்தாள். வினோஜ் படகைக் குருசடிக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவில் எடுத்துப்போனதைப் பார்த்தவர்கள் கைதட்டினார்கள். அவனுக்கு மஸ்கட்டில்கூட யாரும் கைதட்டியது இல்லை. துறைமுகத்து ரோட்டில் திரும்பும்போது மணி மூன்று பத்து.

இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார்.

ஜீப்பிலிருந்து இறங்கித் தாளை வாங்கிப் படித்தார். ஆளை விட்டு டேப் பிடிக்கச் சொன்னார், நாலு இருபது. அவருக்கு நம்பிக்கை இல்லை போல, பின்பக்கமும் பிடிக்கச் சொன்னார். அங்கேயும் நாலு இருபதைத் தாண்டவில்லை. சூசைக்குப் போன மூச்சு வந்தது. பிறகு இன்ஸ்பெக்டர் தாளைத் திருப்பி, வழியில் அரைமணி நேரத்துக்கு மேல் நின்றால் நேரமும் காரணமும் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறதே, மாவறவிளையில் இரண்டு மணி நேரம் போக்குவரத்து நின்றதாக எனக்கு ஃபோன் வந்ததே என்றார். பிந்து பேனாவை எடுத்தாள். வினோஜ் அவள் பக்கம் வந்து, டயர் பஞ்சர் என்று எழுது என்று முணுமுணுத்தான். ஜெராக்ஸ் கடையில் இருந்தபோது ஊருக்கெல்லாம் அவளே எழுதிக் கொடுத்த காரணம்தான் அது. ஒருத்தரும் பஞ்சரைத் திருப்பிப் பார்ப்பது இல்லை.

ஆனால் அவள் எழுதியது இது: 'கிளம்பும் முன் மறுபடி அளக்காதது என் பிழை. பதினெட்டு சென்டிமீட்டர் கூடுதல். வழியில் திருத்தப்பட்டது. அளந்தவர் பிந்து.'

இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தரம் படித்தார்.

"இது ஃபைல்ல போகும்மா. ஏற்கெனவே ஒண்ணு இருக்கு உங்க வண்டி மேல."

"தெரியும் சாரே."

"பஞ்சர்னு எழுதியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன்."

"அதும் தெரியும். ஆனா அளவு தப்புனது நிசம். மேல எழுதின நாலு இருபதை நீங்க நம்பணும்னா கீழ எழுதினதும் நிசமா இருக்கணும் இல்லியா."

டிரெய்லரைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வினோஜ் ஏற்கெனவே முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் பேனாவை வாங்கி அவள் எழுத்துக்குக் கீழே, 'வந்து சேர்ந்தபோது அளவு சரி. நானே பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வண்டியை உள்ளே விடச் சொன்னார். படகு தண்ணீரைத் தொட்டபோது நாலு மணிக்கு ஆறு நிமிஷம் இருந்தது. ஒன்பது ஆட்களும் குதித்து ஏறினார்கள். ஆசாரி அப்போதுதான் இறங்கினார்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு பிந்துவுக்கு ஆபீஸிலிருந்து ஃபோன் வந்தது. அவள் அதை எடுக்காமல் மூன்று தரம் அடிக்க விட்டாள். ஃபைல் விஷயம்தான், வண்டி போச்சு என்று வினோஜிடம் சொல்லிவிட்டு நாலாவது தரம் எடுத்தாள். அதே இன்ஸ்பெக்டர்தான். சின்னமுட்டம் துறைமுகத்துக்கு ஒரு படகு போகிறது, வண்டியும் ஆளும் வேறு, எழுதிக் கொடுத்திருக்கிற அகலத்தில் எனக்குச் சந்தேகம், 'அளந்தவர்' என்கிற இடம் காலியாக இருக்கிறது, நீங்கள் போய் அளந்து கையெழுத்துப் போட்டால் நான் அனுமதி போடுகிறேன் என்றார்.

பிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜெராக்ஸ் கடையில் படிவம் நிரப்ப வந்தவர்களிடம் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"போட்டை மந்திரிச்சாச்சா சாரே, இல்ல இனிதானா?"